நாற்காலி வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

எந்த நாற்காலி வாங்கலாம் என்று பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. கேள்வியின் வாசகம் அவ்வளவுதான் என்றாலும், அதோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் கேட்க வந்தது இன்னும் பெரியது என்று தெரிகிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது மருத்துவக் குறிப்புகளைக் குறியீட்டு எண்களாக மாற்றும் வேலை, செய்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் உட்காருகிறீர்கள். உங்கள் உயரம் 5 அடி 1 அங்குலம். எட்டு மாதமாகப் பிடரியும் வலது தோள்பட்டையும் வலிக்கின்றன. சில இரவுகளில் வலக்கை விரல்கள் மரத்துப்போய் விழிப்புத் தட்டுகிறது. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, வீட்டிலோ 18,000 ரூபாய் நாற்காலி ஒன்றைத் தவணையில் வாங்கிவிடலாம் என்கிறார்கள். ஆகவே, இந்த வேலையை உடல் வருந்தாமல் தொடர்ந்து செய்வதற்கு இடத்தை எப்படி அமைத்துக்கொள்வது, இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் பதினேழு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். தொடக்கத்தில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கேழ்வரகு வயலிலும் தக்காளித் தோட்டத்திலும் குனிந்து வேலை செய்தவர்கள், கிரானைட் குவாரியில் துளையிடும் இயந்திரத்தைப் பிடித்தவர்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் நின்றவர்கள். 2020இல் ஊரடங்கின்போது மடிக்கணினியோடு ஊர் திரும்பிய பிள்ளைகள் பலர், அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். கட்டிலிலும் சாப்பாட்டு மேசையிலும் திண்ணையிலும் உட்கார்ந்து வேலை செய்த அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கியபோதுதான், நோயாளியின் கழுத்தைப் பரிசோதிப்பதோடு நிற்காமல் அவருடைய மேசையையும் கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்லும் வழக்கம் எனக்கு வந்தது. உங்களை நேரில் பார்த்து, கழுத்தையும் கையையும் அசைத்துப் பரிசோதிக்காமல் உங்கள் நோய் இன்னதென்று சொல்வது முறையாகாது. அதை நான் இங்கே செய்யப்போவதில்லை. இடத்தைப் பற்றிச் சொல்ல முடியும், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் வேலைக்குப் பயன்படுத்துவதே போதும். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தோள்களைத் தளரவிட்டு, மேற்கை விலாவை ஒட்டித் தொங்கும்படி முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை எவ்வளவு என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரமுள்ள ஒருவர் 43 செ.மீ. உயர இருக்கையில் உட்கார்ந்தால் இது ஏறத்தாழ 63 அல்லது 64 செ.மீ. வரும்; ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று செ.மீ. கூடலாம், குறையலாம். அடுத்து மேசையை அளந்து பாருங்கள். கடைகளில் விற்கும் சாப்பாட்டு மேசைகளும் எழுது மேசைகளும் பெரும்பாலும் 75 செ.மீ. அளவில் இருக்கும், அதன் மேல் மடிக்கணினியின் தடிமன் 2 செ.மீ. சேர்கிறது. அப்படியென்றால் உங்கள் விரல்கள் இயங்க வேண்டிய தளம், உங்கள் முழங்கைக்கு அரைச் சாணுக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது.

அந்த அரைச் சாணை உடல் எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும். தோள்களைக் காதை நோக்கித் தூக்கி ஈடுகட்டும், அல்லது முழங்கைகளைக் கோழி இறக்கையைப் போலப் பக்கவாட்டில் விரித்து ஈடுகட்டும். எப்படியானாலும், பிடரியிலிருந்து தோள் வரை இறங்கும் தசை வேலை நேரம் முழுவதும் சுருங்கியபடியே நிற்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறவர்கள், அதே குடத்தோடு ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொன்னால் கொஞ்ச நேரத்திலேயே இறக்கி வைத்துவிடுவார்கள். அசையும் தசை ஒவ்வொரு முறை சுருங்கித் தளரும்போதும் அதற்குள் இரத்தம் போய் வருகிறது. தளராமல் இறுகி நிற்கும் தசைக்கு அந்த ஓட்டம் குறைந்து, சோர்வும் வலியும் சேர்கின்றன. இது தசை இயக்கத்தைப் பற்றி ஐயமில்லாமல் தெரிந்த செய்தி. பிடரி வலிக்குக் காரணம் தேடிக் கழுத்தெலும்பைப் பலமுறை படம் எடுத்துப் பார்த்தவர்களிடம், மேசை தணிந்த பிறகு வலியும் தணிந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எழுதுவதற்குப் பொருந்தும் உயரம் தட்டச்சுக்குப் பொருந்தாது என்பது பழைய தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: விசைகள் இயந்திரத்தின் மேற்பகுதியில் இருந்ததால், தட்டச்சுப் பொறிக்கென்று செய்யப்பட்ட மேசைகள் எழுது மேசையைவிடத் தணிவாக இருந்தன. கணினி வந்தபோது அந்தத் தணிந்த மேசையைக் கைவிட்டு, எழுது மேசையின் மேலேயே விசைப்பலகையை வைக்கத் தொடங்கிவிட்டோம்.

ஆகவே, நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது மேசையின் உயரம். குடும்பம் சாப்பிடும் மேசையின் காலை அறுக்க முடியாது. ஆனால், பரணிலோ பின்கட்டிலோ பழைய மரமேசை ஒன்று கிடந்தால், அதன் நான்கு கால்களையும் தச்சரிடம் சொல்லி 62 செ.மீ. உயரத்துக்கு அறுத்துத் தரச் சொல்லலாம். தனி விசைப்பலகையின் தடிமன் சேர்ந்து அது உங்கள் முழங்கை மட்டத்துக்கு வந்துவிடும். முன்பக்கம் இழுப்பறை இருக்கும் மேசையாக இருந்தால் வேண்டாம். தணித்த பிறகு இழுப்பறையின் அடிப்பக்கம் தொடையில் இடிக்கும். அறுப்பதற்கு முன் உங்கள் அளவை இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் சொல்லும் எண்கள் உங்கள் உயரத்தை வைத்துச் செய்த கணக்கு மட்டுமே. வேறு மேசைக்கு வழியே இல்லை என்றால், மேசை இருந்த இடத்திலேயே இருக்க, நீங்கள் மேலே ஏற வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு மூன்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் இருக்கை சில செ.மீ. உயரும், உறுதியும் கூடும். அதன் மேல் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடலாம். இலவம்பஞ்சு மெத்தை உட்கார்ந்தவுடன் அமுங்கிவிடும், ஆகவே அளவுக்கு நம்ப முடியாது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அடுக்கிய நாற்காலியின் கால்கள் விரிந்து நழுவக்கூடும் என்பதால், அடியில் ஒரு பாயையோ சாக்கையோ விரித்துக்கொள்வது அவசியம்.

இப்படி ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும். உண்மையில், இப்போதே உங்கள் கால் ஓரளவு தொங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் உயரத்துக்கு, வெறுங்காலில் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 38 அல்லது 39 செ.மீ. இருக்கலாம், இருக்கையோ 43. அலுவலக இருக்கைகளுக்கான அளவுப் படங்கள் பெரும்பாலும் காலணி அணிந்த, நம்மைவிட உயரமான உடலை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் இருப்பவர்கள், ஆகவே குதிகால் தரும் இரண்டு மூன்று செ.மீ. கூட நமக்குக் கிடைப்பதில்லை. பாதம் தரையில் முழுமையாகப் பதியாதபோது தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் விளிம்பில் அழுந்துகிறது. அந்த அழுத்தத்தைத் தவிர்க்க நாம் அறியாமலே முன்னால் நகர்ந்து நுனியில் உட்காருகிறோம். முதுகுச் சாய்வு பின்னால் வெறுமனே இருக்கிறது. தணிந்த மேசையும் 43 செ.மீ. இருக்கையும் என்றால், சமையலறையில் இருக்கும் மணைப்பலகையைக் காலடியில் போடுங்கள். அந்த நான்கைந்து செ.மீ. இடைவெளியை அது அப்படியே நிரப்பிவிடும். மேசை உயரமாகவே இருந்து நீங்கள் ஏறி உட்கார்ந்தால், செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டு, பாதம் இரண்டும் நன்றாகப் பதியும் அகலத்தில் அமையுங்கள்.

அடுத்தது மடிக்கணினி. அதன் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், எந்த மேசையிலும் எந்த நாற்காலியிலும் அதை அப்படியே வைத்து நீண்ட நேரம் வசதியாக வேலை செய்ய முடியாது. விசைப்பலகை கைக்குச் சரியான உயரத்தில் இருந்தால் திரை தணிந்துபோய்த் தலை குனிகிறது. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கைகள் மேலே தூக்கிக்கொள்கின்றன. பயணத்துக்குச் செய்த கருவி அது. ஒன்பது மணி நேர வேலைக்குத் தனி விசைப்பலகையும் தனி மவுஸும் கட்டாயம் வேண்டும். கம்பியோடு வரும் எளிய ஜோடி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. உங்கள் 6,000 ரூபாயில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மடிக்கணினியைத் திரைக்காக மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் தடித்த புத்தகங்களையோ உறுதியான மரப்பெட்டியையோ கொடுத்து உயர்த்துங்கள். தணித்த மேசையின் மேல் உங்களுக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம் தேவைப்படும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். கண் இயல்பாகவே சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்கும் உறுப்பு. காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது தாங்காது. திரை, கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தொலைவில், அதாவது 50 முதல் 70 செ.மீ.க்குள், இருக்கட்டும். அந்தத் தொலைவில் எழுத்துத் தெரியவில்லை என்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள்; முன்னால் குனிந்து படிக்கும் பழக்கம் பெரும்பாலும் சிறிய எழுத்தினால் வருவதுதான். வெள்ளெழுத்துக் கண்ணாடி, குறிப்பாகக் கீழ்ப்பகுதியில் படிக்கும் வில்லை வைத்த கண்ணாடி, அணிபவர்கள் இந்த உயரக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. திரை உயர்ந்தால் அவர்கள் தாடையைத் தூக்கிப் பார்க்க நேரும், ஆகவே அவர்களுக்குத் திரை இன்னும் தணிந்திருக்க வேண்டும்.

மவுஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வலிப்பது வலது தோள் மட்டும். விசைப்பலகையின் வலப்பக்கத்தில் எண்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் அப்பால் மவுஸ் இருப்பதால் கை வெளிப்புறமாக நீண்டு, தோள் வெளிநோக்கித் திரும்பியபடியே நாள் முழுவதும் இருக்கிறது. கோடிங் வேலையில் எண்கள் அதிகம் என்பதால் அந்தப் பகுதி இல்லாத விசைப்பலகையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, மவுஸை இடக்கைக்கு மாற்றிப் பழகிப் பாருங்கள். முதல் பத்து நாட்கள் எரிச்சலாக இருக்கும், வேலை வேகமும் குறையும். ஆகவே வாரக் கணக்கு நெருக்காத நாட்களில் தொடங்குங்கள். விசைப்பலகையின் பின்பக்கத்தில் மடக்கி விரிக்கும் இரண்டு சிறு கால்கள் இருக்கும். பலர் அவற்றை விரித்து வைப்பதுதான் முறை என்று நினைக்கிறார்கள். விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. மடக்கியே வைத்து, முன்கையிலிருந்து விரல் வரை ஒரே கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டின் உட்புறத்தை மேசை விளிம்பில் அழுத்தாதீர்கள்.

விரல் மரத்துப்போவதைத் தோள்வலியோடு சேர்த்து ஒன்றாகப் பார்க்கக் கூடாது. அடுத்த முறை இரவில் விழிப்பு வரும்போது, எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி என்றால், மணிக்கட்டின் குறுகிய பாதை வழியே போகும் நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று ஐயப்படலாம். இரவில் விழிக்க வைப்பதும், கையை உதறினால் குறைவதும் அதன் வழக்கமான அடையாளங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் என்றால் அது வேறொரு நரம்பு. முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடுவது. பிளாஸ்டிக் நாற்காலியின் கடினமான கைப்பிடியில் முழங்கையை ஊன்றி உட்காருபவர்களுக்கு இது வருவதை நான் அடிக்கடி காண்கிறேன். கைப்பிடியில் துண்டைச் சுற்றுவதும், தூங்கும்போது முழங்கையை முற்றாக மடக்காமல் இருப்பதும் உதவும். கை முழுவதும் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்குத் தட்டச்சுதான் காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. அந்தத் தொடர்புக்கான சான்றுகள் உண்மையில் வலுவற்றவை, ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அதிரும் கருவிகளைப் பிடிப்பதும், விசையோடு மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மடக்குவதும் காரணமாகின்றன என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது; நம் மாவட்டத்துக் குவாரிகளில் துளையிடும் இயந்திரம் பிடித்தவர்களின் கைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருபவன் என்ற முறையில் எனக்கு அதில் ஐயமில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கருவுற்றிருத்தல் ஆகியவையும் இதைக் கொண்டுவரும். ஆகவே மேசையைச் சரிசெய்துவிட்டால் விரல் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், இரத்தப் பரிசோதனை ஒன்றையும் செய்துகொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட நாற்காலிக்கு வருகிறேன். மேசையும் திரையும் சரியாக அமைந்த பிறகு, பலருக்கு விலை உயர்ந்த நாற்காலி தேவைப்படுவதில்லை. தவறான மேசைக்கு முன்னால் போடப்பட்ட 18,000 ரூபாய் நாற்காலி வலியைக் குறைத்து நான் பார்த்ததில்லை. பிற்பாடு வாங்குவதானால், உங்கள் உயரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது இருக்கையின் ஆழம். பின்னால் முழுமையாகச் சாய்ந்து உட்கார்ந்தபோது, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். உயரமானவர்களுக்குச் செய்த இருக்கையில் அந்த இடம் இருக்காது, விளிம்பு காலில் முட்டும், மறுபடியும் நுனிக்கு வந்துவிடுவீர்கள். இடுப்புக்கு மேல் முதுகு உள்வளையும் இடத்தில் சாய்வின் புடைப்பு பொருந்துகிறதா, கைப்பிடி மேசைக்கு அடியில் நுழையும் அளவுக்குத் தணிகிறதா என்பவை அடுத்தவை. தலை சாயும் பகுதி முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும், கணினி விளையாட்டுக்கென்று விற்கும் நாற்காலிகளைத் தவிர்த்துவிடலாம். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்காமல், தருமபுரியிலோ ஓசூரிலோ கடைக்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

உட்காரும் முறையைப் பற்றி ஊரில் சொல்லப்படும் பலவற்றை நான் ஒருகாலத்தில் உறுதியாகச் சொல்லி வந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. குனிந்து கைபேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ எடை ஏறுகிறது என்ற படம் உங்களுக்கும் வந்திருக்கும். 2014இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட எண் அது; தலை 60 பாகை குனிந்தால் என்ன விசை வரும் என்று மாதிரி ஒன்றை வைத்துக் கணக்கிட்டதே தவிர, மனிதர்களின் கழுத்தில் அளந்ததில்லை, வலியோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்கு, உட்காருவது நிற்பதைவிடக் கேடு என்ற கருத்தும் அப்படித்தான்: சுவீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்தபோது உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று கண்டார், 1999இல் ஜெர்மனியின் வில்கே குழுவினர் ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகில் உணர்கருவி பொருத்தி அளந்தபோது, தளர்ந்து உட்காருகையில் அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அலுவலகப் பணியாளர்களுக்கான இருக்கை, மேசை மாற்றங்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வும் (மருத்துவ ஆய்வுகள் பலவற்றை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் அமைப்பு காக்ரேன்), வலி வராமல் தடுப்பதில் அவை தரும் பயனுக்கான சான்று சீராக இல்லை என்றே முடித்தது. அப்படியிருக்க மேசையை ஏன் அறுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பொதுவாக எல்லோருக்கும் வலி வராமல் தடுப்பது வேறு. ஏற்கெனவே வலிக்கும் ஒருவரிடம், அவருடைய தசையை இறுக்கி வைத்திருக்கும் அரைச் சாண் வேறுபாடு கண்முன்னே தெரியும்போது அதை நீக்குவது வேறு. இரண்டாவதற்கு என் அனுபவமும் உடலியலும் துணை நிற்கின்றன. முதுகை ஆணியடித்ததுபோல் நேராக வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அதற்குச் சான்று மிகக் குறைவு. தூக்கக் குறைவும், மணிக்கு இத்தனை கோப்பு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் வலியைக் கூட்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று உண்டு.

எவ்வளவு நல்ல அமைப்பிலும் நீண்ட நேரம் அசையாமல் இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடந்தால் போதும். கைபேசியில் மணி அடிக்க வைத்தவர்கள் சில நாட்களில் அதை அணைத்துவிடுகிறார்கள் என்பதால், என் நோயாளிகளுக்கு நான் சொல்லும் வழி, ஒரு லிட்டர் பாட்டிலை மேசையில் வைக்காமல் சிறு டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வது. தீர்ந்ததும் சமையலறைக்கு எழுந்து போயாக வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். நிலையை மாற்றிக்கொள்ள அது உதவும்; ஆனால், நிற்பதே மேல் என்று எண்ண வேண்டாம். நாள் முழுவதும் நிற்க வைக்கப்பட்ட ஜவுளிக்கடைப் பணியாளர்களின் கால் இரத்தக் குழாய்கள் புடைத்து நின்றதை நாம் அறிவோம். அவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்யலாமா என்பதற்கு, மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேசையை முன்னால் வைத்து அப்படித்தான் எழுதினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். முழங்கால் வலி இல்லையென்றால், அடியில் மடித்த போர்வையைப் போட்டு இடுப்பை முழங்காலைவிடச் சற்று உயர்த்தி, ஒரு நாளில் ஓரிரு முறை அரை மணி நேரம் அப்படி உட்காருவது நல்ல மாறுதல். கட்டிலில் சுவரில் சாய்ந்து மடியில் வைத்து வேலை செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது என் துறை இல்லை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் உலரும், ஆகவே காற்று முதுகின் மேலோ பக்கவாட்டிலோ வரும்படி இடத்தை மாற்றுங்கள். சன்னல் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கத்தில் இருந்தால், மாலை வெயில் திரையில் மின்னாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்ப்பது எளிய நல்ல பழக்கம். என் அறைச் சன்னலில் சையத் பாஷா மலை தெரிவதால் எனக்கு அது சுலபம், உங்களுக்குத் தெருக்கோடி மரம் ஒன்று போதும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, கண் அயர்ச்சியைக் குறைப்பதில் சாதாரண வில்லையைவிட அது குறுகிய காலத்தில் மேலானதாகத் தெரியவில்லை என்றது.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். இன்றைக்கே அளவெடுத்து, மணைப்பலகையைக் காலடியில் போட்டு, நாற்காலியின் கைப்பிடியில் துண்டைச் சுற்றுங்கள். இந்த வாரத்தில் விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, திரையை உயர்த்துங்கள். அதன் பிறகு மேசை. மீதிப் பணத்தைக் கையில் வைத்திருந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோள் வலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாற்காலி வேண்டுமா என்பதை அப்போது முடிவுசெய்யலாம். விரல்களுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். எட்டு மாதம் ஆகிவிட்டதால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பார்த்து, எழுதி வைத்த விரல் கணக்கைக் காட்டுங்கள். மணிக்கட்டு நரம்புதான் என்று உறுதியானால், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றை அணியச் சொல்வார்கள். தொடக்க நிலையில் அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. இதற்கிடையில் கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ, சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மறுகையைவிட இளைத்துத் தெரிந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, வேலை நாளாக இருந்தாலும் விடுப்புப் போட்டுவிட்டு அன்றைக்கே போய்விடுங்கள்.